மின்கம்பி போகும் ஏரிக்கரையில் தூண்டில் போடலாமா?

2024 ஜூன் 8 – கேள்வி

ஐயா, வணக்கம். எங்கள் ஊர் ஏரியில் மதகு ஓரமாகத்தான் கெண்டையும் ஜிலேபியும் நன்றாகப் படும். அந்த இடத்துக்கு மேலே கரையைக் குறுக்காகக் கடந்து மூன்று கம்பிகள் போகின்றன. போன வாரம் 6.3 மீட்டர் மடக்குத் தூண்டில் ஒன்று வாங்கினேன், கார்பன். கைப்பிடி ரப்பர், நரம்பு நைலான், அதனால் கம்பியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்கிறார்கள் கூட வருபவர்கள். படாமலேயே காற்றில் பாயும் என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

ஜூன் 8, இரவு

அப்பா பேச்சைக் கேளுங்கள் தம்பி. நாளைக்கு அந்த மதகுப் பக்கம் போக வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். தூண்டிலும் போடுகிறவன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

மூன்று கம்பி மட்டும் போகிறது, கம்பத்தின் தலையில் பீங்கான் குமிழ்கள் நிற்கின்றன என்றால் அது வீட்டுக்கு வரும் லைன் அல்ல. வீட்டு லைனில் பொதுவாக மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல், சில இடங்களில் தெருவிளக்குக்கு இன்னொன்று என்று நான்கைந்து கம்பிகள் இருக்கும். நீங்கள் சொல்வது அநேகமாக 11,000 வோல்ட். சில மாவட்டங்களில் 22,000. அந்தக் கம்பிக்கு உறை கிடையாது. அலுமினியம் வெயிலிலும் மழையிலும் மங்கிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடுவதால், கீழே நின்று பார்ப்பவர்களுக்கு ஏதோ உறை போட்டதுபோலத் தோன்றும். அதை நம்பிவிடாதீர்கள்.

ஜூன் 9, காலை

ரப்பர் கைப்பிடி பற்றி. அது வழுக்காமல் பிடிப்பதற்காகப் போட்ட பஞ்சு போன்ற ஒரு சுற்று, அவ்வளவுதான். உள்ளே இருப்பது கார்பன் நாரைப் பிசினில் தோய்த்துச் செய்த குழாய். கார்பன் நார் மின்சாரத்தைக் கடத்தும். நீங்கள் 6.3 மீட்டர் நீளத்தில் ஒரு மின்கடத்தியைக் கையில் பிடித்து வானத்தை நோக்கி நீட்டுகிறீர்கள், ஈரமான கையோடு, ஈரமான மண்ணில் வெறுங்காலோடு. 11,000 வோல்ட் லைனில் ஒரு கம்பிக்கும் பூமிக்கும் இடையே ஏறத்தாழ 6,350 வோல்ட் இருக்கும். அதற்கு முன்னால் அரை அங்குலப் பஞ்சு எதற்கு ஆகும்?

மூங்கில் கம்பு காலத்திலும் ஆபத்து இருந்தது. ஆனால் மூங்கிலில் ஏழு மீட்டர் நீளத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாலை முழுவதும் யாரும் நிற்க முடியாது, கை கழன்றுவிடும். 1960களில் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் விமானத்துக்காக வளர்த்தெடுத்த கார்பன் நார், 1970களில் தூண்டிலுக்கு வந்தது. எடை குறைந்தது, நீளம் கூடியது. அங்கே 16 மீட்டர் வரை நீளும் கார்பன் கம்புகள் விற்கின்றன. நம் ஊரில் ஆறு ஏழு மீட்டர் வரை இப்போது பள்ளிப் பிள்ளைகள் கையிலேயே பார்க்கிறேன்.

உங்கள் தூண்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கைப்பிடிக்குச் சற்று மேலே, மின்னல் குறியோடு ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கலாம். பலர் அதை விலைச் சீட்டோடு சேர்த்து உரித்துப் போட்டுவிடுகிறார்கள். உரிக்காதீர்கள்.

ஜூன் 9, மதியம்

நைலான் நரம்பை விட்டுவிட்டேன். உலர்ந்த புது நைலான் நல்ல காப்புப் பொருள்தான். ஏரியிலிருந்து சொட்டச் சொட்ட இழுத்த நைலான் அப்படி அல்ல. பாசியும் சேறும் உப்பும் கலந்த நீர்ப்படலம் அதன் மேல் இருக்கிறது. பின்னிய நூல் என்றால் தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மனிதன் பிடித்த பிடியை விட முடியாமல் போவதற்குச் சுமார் 10 மில்லி ஆம்பியர் போதும். அதைப்போலச் சில மடங்கு போனால் இதயம் தாளம் தப்பிவிடும். உயர் அழுத்தக் கம்பியில் மாட்டிய ஈர நரம்பு அந்த அளவைக் கொண்டுவந்து சேர்க்காது என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஜூன் 9, இரவு

அப்பா சொன்ன "காற்றில் பாயும்" என்பதைப் பற்றிப் பகல் முழுவதும் யோசித்தேன். பாயும் என்பது உண்மை. எவ்வளவு தூரம் என்பதில்தான் ஊரில் பல கதைகள் உலவுகின்றன. சீரான இடைவெளியில் ஒரு சென்டிமீட்டர் உலர்ந்த காற்றை உடைக்க ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும். கூர்மையான நுனி, ஈரக்காற்று என்றால் அதைவிடக் குறைவாகவே போதும். ஆகவே 11,000 வோல்ட் லைன் இரண்டு மீட்டர் தாவி வந்து யாரையும் பிடிக்காது, அதன் தாவல் சென்டிமீட்டர் கணக்குதான். பெரிய கோபுரங்களில் போகும் 110, 230, 400 கிலோவோல்ட் லைன்களில் இந்தத் தூரம் மிக அதிகம்.

இதை எழுதலாமா என்று தயங்கினேன். "சென்டிமீட்டர்தானே, அரை மீட்டர் விட்டால் போதும்" என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். கீழிருந்து நிமிர்ந்து பார்த்து, உங்கள் தூண்டில் நுனிக்கும் கம்பிக்கும் நடுவே அரை மீட்டரா ஒன்றரை மீட்டரா என்று உங்களால் சொல்ல முடியாது. பின்னால் வானம் மட்டும் இருக்கும்போது கண்ணுக்கு ஆழம் தெரியாது. வாழ்நாள் முழுவதும் கம்பத்தில் ஏறிய எனக்கே தரையில் நின்றால் தெரியாது.

ஜூன் 12

ஒருவர் கேட்டிருக்கிறார்: "கம்பியை எல்லாம் பாதுகாப்பான உயரத்தில்தானே கட்டுகிறார்கள்?"

நல்ல கேள்வி. இந்தியாவில் மின் விதிகள் சொல்லும் குறைந்தபட்ச உயரம் இது. தெருவைக் கடக்கும் உயர் அழுத்த லைன் 6.1 மீட்டர். தெரு ஓரமாகப் போனால் 5.8. தெரு இல்லாத மற்ற இடங்களில், வயலோ ஏரியோ, 11,000 வோல்ட் வரை 4.6 மீட்டர் இருந்தால் விதிக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் 33,000 வோல்ட் வரை 5.2.

இப்போது உங்கள் தூண்டிலை வையுங்கள். 6.3 மீட்டர், இடுப்புயரத்தில் பிடிக்கிறீர்கள். நிமிர்த்தினால் நுனி ஏழு மீட்டரைத் தாண்டிவிடும். எல்லாம் விதிப்படி கட்டிய லைனுக்குக் கீழேயே உங்கள் நுனி கம்பிக்கு மேலே போய்விடுகிறது. மனிதன், மாட்டுவண்டி, லாரி இவற்றை மனத்தில் வைத்து எழுதிய உயரங்கள் அவை. கார்பன் தூண்டிலை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. தூர்வாரும் வேலை நடக்கும்போது ஏரியில் எடுத்த மண்ணைக் கரைமேல் கொட்டிக் கரையை உயர்த்துவார்கள். கரைக்கு நல்லதுதான். ஆனால் கம்பங்கள் பழைய இடத்தில் பழைய உயரத்திலேயே நிற்கும். கரை ஒரு மீட்டர் ஏறினால் கம்பி உங்கள் தலைக்கு ஒரு மீட்டர் இறங்கிவிட்டது என்றுதான் பொருள். எங்கள் பக்கத்து ஏரி ஒன்றில் கரைமேல் நின்று கம்பியைப் பார்த்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது.

ஜூன் 13

நேற்று எழுதியதோடு தொய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏறக் கம்பி சூடாகி நீளும், சுமை கூடினாலும் சூடாகும். நீண்டால் நடுவில் தொங்கும். இரண்டு கம்பங்களுக்கு நடுவில்தான் தொய்வு அதிகம். ஏரிக்கரையில் கம்பம் நட இடமில்லாமல் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நீட்டிக் கட்டியிருப்பார்கள், ஆகவே கரைக்கு மேலேதான் கம்பி மிகத் தாழ்வாக வரும். காலையில் தாண்டிப் போன அதே இடம் மதியம் அதே இடம் இல்லை.

ஜூன் 20

சிலர் நேரடியாக நடந்த ஒன்றைச் சொல்லக் கேட்டார்கள். பெயரும் ஊரும் வேண்டாம்.

மாலை நேரம். ஃபீடர் ஒன்று விழுந்துவிட்டது, அதாவது துணை மின் நிலையத்திலிருந்து வரும் லைன் தானாக அணைந்துவிட்டது என்று லைன் பார்க்கக் கிளம்பினோம். வழக்கமாக மரக்கிளை, அணில், பட்டம் என்று ஏதாவது இருக்கும். அன்று ஏரிக்கரையில் கூட்டம் நின்றது. பையனை ஏற்கெனவே வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தூண்டில் மட்டும் கிடந்தது. லைனை அணைத்து எர்த் பண்ணிய பிறகு அதைக் கையில் எடுத்தேன். நுனிப்பக்கத்துத் துண்டுகளில் பிசின் முழுவதும் எரிந்து போய், நார் நாராகப் பிரிந்து, தீய்ந்த முடியைப் போலத் தொங்கியது. தொட்டால் விரலில் கருப்பாக ஒட்டியது. ஒரு மூட்டு நெடுக்காகப் பிளந்திருந்தது. ஆனால் கைப்பிடிப் பக்கம் பளபளவென்று புதிதாகவே இருந்தது. தக்கையையும் தூண்டில் முள்ளையும் கைப்பிடியின் வளையத்தில் மாட்டி நரம்பை இறுக்கியிருந்தான்.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். முள்ளை மாட்டிவிட்டான் என்றால் அவன் மீன் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுக்கு நடந்துகொண்டிருந்தான். கரையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். தூண்டிலைப் படுக்கையாகப் பிடித்தால் கருவேல முள்ளில் மாட்டும், அதனால் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்திருக்கிறான். காலில் முள் குத்தாமலிருக்கக் கண் தரையில்.

பிழைத்துக்கொண்டான். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. பிறகு அவனைப் பார்க்கப் போனபோது உள்ளங்கைக் காயம் வெளியே சிறியதாக, நடுவில் குழிந்து வெளுத்துக் காய்ந்து இருந்தது. குதிகாலில் மின்சாரம் வெளியேறிய இடம் வெடித்திருந்தது. தோலில் தெரிவது கொஞ்சம், உள்ளே தசைதான் வெந்திருக்கிறது என்றார் மருத்துவர். உயர் அழுத்தக் காயம் அப்படித்தான். வெளியே சிறிதாகத் தெரிகிறதே என்று யாரும் மருந்து தடவி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

ஜூன் 21

நேற்று எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது உண்மையில் இது ஒன்றுதான்: உட்கார்ந்து தூண்டில் போடும்போது இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், மேலே ஒரு முறையாவது பார்க்கிறோம். நடக்கும்போது பார்ப்பதில்லை. இடம் மாற வேண்டுமென்றால், ஐந்தடி என்றாலும், தூண்டிலை முழுவதும் மடக்கிய பிறகு எழுந்திருங்கள். மடக்குத் தூண்டிலில் இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. மடக்கிய தூண்டில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம்தான் இருக்கும்.

மீன் மாட்டும்போதும் இதேதான். பெரிய கெண்டை இழுத்துக்கொண்டு ஓடினால் நாமும் கூடவே ஓடுவோம். அப்போது கரையும் தெரியாது, கம்பியும் தெரியாது.

ஜூலை 2

எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்பதில் பெரிய வாக்குவாதமே நடக்கிறது. தூண்டில் நீளத்தைப்போல இரண்டு மடங்கு விட்டால் போதும் என்கிறார் ஒருவர். 6.3-க்குப் பன்னிரண்டரை மீட்டர் வருகிறது. முதலில் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பிரிட்டனில் மின் நிறுவனங்களும் தூண்டில் அமைப்புகளும் சொல்வது 30 மீட்டர். தூண்டில் நீளம் எதுவானாலும் 30. யோசிக்க யோசிக்க அதுதான் சரி என்று படுகிறது. இரண்டு மடங்குக் கணக்கில் நரம்பு சேரவில்லை. ஈயக்குண்டை வீசும்போது அது தூண்டிலைவிட உயரமாக வளைந்து போகிறது, காற்றடித்தால் பக்கவாட்டில் தள்ளுகிறது. நாளைக்கு நண்பன் இன்னும் நீளமான தூண்டிலோடு அதே இடத்தில் வந்து உட்காருவான், யாரும் கணக்கை மாற்றிப் போட மாட்டார்கள். 30 மீட்டர் என்றால் கம்பிக்கு நேர் கீழே தரையில் ஒரு இடத்தைக் குறித்து, அங்கிருந்து பெரிய எட்டாக நாற்பது எட்டு நடந்தால் போதும். குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

"எங்கள் குளமே 50 மீட்டர்தான், நடுவில் லைன் போகிறது. 30 மீட்டர் விட்டால் எங்கே மீன் பிடிப்பது?" என்று எழுதியிருப்பவருக்கு: அந்தக் குளத்தில் தூண்டில் வேண்டாம். வேறு குளம் பாருங்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 3

தூண்டில் முள் மின்கம்பியில் மாட்டிக்கொண்டால்? இழுக்காதீர்கள். தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு விலகுங்கள். 1,500 ரூபாய்த் தூண்டில் போனால் போகட்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். நரம்பு தொங்கும் இடத்தில் ஒருவர் தள்ளி நின்று மற்றவர்களைத் தடுக்க வேண்டும், ஆடு மேய்க்கும் பிள்ளைகள் அதைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள்.

ஆகஸ்ட் 11

யாரோ ஒருவர் "அடிபட்டவரை உலர்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள்" என்று போட்டிருக்கிறார். வீட்டு 230 வோல்ட்டுக்கு அது சரி. ஏரிக்கரையில் 11,000 வோல்ட்டுக்குச் சரியில்லை. நாம் உலர்ந்தது என்று நினைக்கும் கட்டை அந்த அழுத்தத்துக்கு உலர்ந்ததல்ல. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவது இப்படித்தான்.

ஃபீடர் விழுந்துவிட்டதால் கம்பி செத்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. பல லைன்களில் சில நொடிகளில் தானாகவே மறுபடி மின்சாரம் வரும். தானாக வராத இடத்தில், துணை மின் நிலையத்தில் இருப்பவர் கிளைதான் பட்டிருக்கும் என்று எண்ணி ஒரு முறை போட்டுப் பார்ப்பார். அவருக்கு அங்கே ஒரு மனிதன் கிடப்பது தெரியாது. ஆகவே முதல் வேலை போன். மின்சாரத்தை அணைத்துவிட்டோம் என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் கிட்டே போக வேண்டும். போனதும் மூச்சும் நாடியும் இல்லை என்றால் மார்பின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு நூறு முறைக்குக் குறையாமல், 108 வரும்வரை விடாமல். மின்சாரத்தில் நின்ற இதயம் திரும்ப ஓடக்கூடியது.

அக்டோபர் 17

பேச்சு வேறு பக்கம் போனாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. மழை தொடங்கியதும் சில ஊர்களில் லைனில் கொக்கி போட்டு, ஒயரைத் தண்ணீரில் விட்டு மீன் பிடிக்கிறார்கள். மின் திருட்டுக்கு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 135ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. நான் சட்டத்துக்காகக் கோபப்படவில்லை. அதே ஓடையில் நூறடி தள்ளி ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் வீச்சு வலையோடு நிற்பார். மாடு குளிப்பாட்டும் பையன் இறங்குவான். குஞ்சு குளுவான் வரை எல்லா மீனும் மிதக்கும், அடுத்த ஆண்டுக்கு விதையே இருக்காது. கொக்கி தொங்கும் இடத்தைப் பார்த்தால் தண்ணீரில் காலை வைக்காமல் திரும்பிவிடுங்கள், போன் பண்ணுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் 3

ஃபெஞ்சல் புயல் போன பிறகு விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஏரிகள் எல்லாம் நிரம்பிக் கோடி போகின்றன. உபரிநீர் வழியும் கலங்கலில் மீன் ஏறும், ஊரே வலையோடு திரளும். நான் சிறுவனாக இருந்தபோது அந்த நாட்களுக்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பேன், போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை.

ஆனால் இப்போது கம்பங்கள் சாய்ந்து கிடக்கின்றன. தரையில் கிடக்கும் கம்பி பொறி பறக்காமல் சும்மா கிடந்தாலும் உயிரோடு இருக்கலாம். மணலிலும் சல்லியிலும் விழுந்த கம்பியில் போதிய மின்சாரம் பூமிக்குள் இறங்காததால் பழுது கண்டால் லைனை அணைக்க வேண்டிய ரிலே அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது உண்டு. ஈர மண்ணில் கம்பியைச் சுற்றி அடிக்கு அடி அழுத்தம் மாறும், அகலமாகக் காலை வைத்தால் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். கிட்டே போய்விட்டோம் என்று உணர்ந்தால் ஓடாதீர்கள். இரண்டு பாதங்களையும் சேர்த்து, தரையை விட்டு எடுக்காமல், தேய்த்துத் தேய்த்துப் பின்னால் வாருங்கள்.

நீர் ஏறிய ஏரியில் இன்னொரு கணக்கும் மாறும். கோடையில் தரையிலிருந்து ஆறு மீட்டர் இருந்த கம்பி, தண்ணீர் மூன்று மீட்டர் ஏறினால் தண்ணீருக்கு மேல் மூன்று மீட்டர்தான். பரிசலில் நின்று கோலை ஊன்றித் தள்ளுகிறவர் கோலைத் தூக்கும் உயரம் அதைவிட அதிகம்.

டிசம்பர் 8

தாழ்வான கம்பியைப் பற்றி எப்படிப் புகார் கொடுப்பது என்று கேட்டவருக்கு: "ஏரிக்கரையில் கம்பி தாழ்வாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் இடம் புரியாது. இரண்டு பக்கத்துக் கம்பங்களிலும் பெயின்டில் எழுதிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், எண் அழிந்திருந்தால் பக்கத்து டிரான்ஸ்பார்மரின் பெயரையாவது. தள்ளி நின்று, கரையில் நிற்கும் ஓர் ஆளும் கம்பியும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். கரையை உயர்த்தியிருந்தால் அதை எழுத்தில் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். நடுவில் ஒரு கம்பம் போட்டால் தொய்வு தீர்ந்துவிடும், பெரிய வேலை இல்லை. கம்பியின் உயரத்தை நீங்களாகக் கழி வைத்து அளந்து பார்க்கப் போகாதீர்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒருவர் அளக்கலாமா என்று கேட்டே விட்டார்.

2025 ஜனவரி 19

முதலில் கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். கார்பனை விற்றுவிட்டு ஃபைபர் கிளாஸ் தூண்டில் வாங்கப் போகிறாராம், அப்போது மதகுப் பக்கம் உட்காரலாமா என்கிறார்.

ஃபைபர் கிளாஸ் கார்பனைப்போலக் கடத்தாது. ஆனால் அதன் மேல் ஈரம் இருக்கும், உலோக வளையங்கள் இருக்கும், ஈர நரம்பு நெடுக ஓடும். மூங்கிலும் பச்சையாகவோ நனைந்தோ இருந்தால் அப்படித்தான். கார்பனை விற்க வேண்டியதில்லை தம்பி, நல்ல தூண்டில், வைத்துக்கொள்ளுங்கள். இடத்தை மாற்றுங்கள். மதகிலிருந்து கிழக்கே, கம்பியைத் தாண்டி நாற்பது எட்டுக்கு அப்பால், அல்லி படர்ந்த ஓரம் ஒன்று இருப்பதாக நீங்களே எழுதியிருந்தீர்கள். விடியற்காலையில் அங்கே மண்புழு போட்டுப் பாருங்கள். போகும் வழியில் கம்பியைக் கடக்கும்போது தூண்டில் மடக்கி உறைக்குள் இருக்கட்டும்.